கோட்லின் செட்டரில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ: விலை மைனஸில் போகாமல் தடுப்பது

கோட்லின் நிரல் மொழியில் எழுதிய உங்கள் கிளாஸில், விலை மைனஸில் போகக் கூடாது என்று செட்டர் (மதிப்பை மாற்றும்போது ஓடும் பகுதி) எழுதியதும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ எரர் (ஒரு பகுதி முடிவில்லாமல் தன்னையே கூப்பிடுவதால் வருவது) வருகிறது என்கிறீர்கள். செட்டருக்குள் 'திஸ்.விலை = வேல்யூ' என்று எழுதியதுதான் காரணம். கோட்லினில் அந்த வரி மறுபடியும் அதே செட்டரைத்தான் கூப்பிடும். அங்கே 'ஃபீல்டு = வேல்யூ' என்று மாற்றுங்கள், நின்றுவிடும். ஃபீல்டு என்பது மதிப்பு உண்மையில் சேமிக்கப்படும் இடம்.

இதை விடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. 'வார் விலை: இன்ட் = விலை' என்று கன்ஸ்ட்ரக்டரில் (ஆப்ஜெக்ட் உருவாக்கும் பகுதி) வந்ததை அப்படியே ஆரம்ப மதிப்பாகக் கொடுத்திருக்கிறீர்கள். ஆரம்ப மதிப்பு செட்டர் வழியாகப் போகாது, நேரே ஃபீல்டில் உட்கார்ந்துவிடும். மைனஸ் 5 கொடுத்து ஆப்ஜெக்ட் உருவாக்கிப் பாருங்கள், சத்தமே இல்லாமல் உருவாகும்.

ஆரம்ப மதிப்பை 0 ஆக்குங்கள். செட்டரில் முதல் வரி, மதிப்பு மைனஸ் இல்லையா என்று சோதிக்கும் 'ரிக்வயர்', அடுத்தது 'ஃபீல்டு = வேல்யூ'. அதற்குக் கீழே, ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் ஒரு 'இனிட்' பிளாக்கில் 'திஸ்.விலை = விலை'. இந்த இடத்தில் செட்டர் ஓடுவதுதான் நமக்கு வேண்டும். இனி மைனஸ் வந்தால் இல்லீகல் ஆர்குமென்ட் எக்ஸெப்ஷன் விழும்.

பின்னால் இதை டேட்டா கிளாஸாக (தரவை வைத்திருப்பதற்கான கிளாஸ் வகை) மாற்றினால் இந்த வழி செல்லாது. அதன் முதன்மை கன்ஸ்ட்ரக்டரில் எல்லாமே 'வால்' (பிறகு மாற்ற முடியாதது) அல்லது 'வார்' (மாற்றக்கூடியது) ஆக இருந்தாக வேண்டும், அங்கே செட்டர் எழுத இடமில்லை. 'வால்' வைத்து, சோதனையை 'இனிட்'டில் போடுங்கள். நகல் எடுக்க 'காப்பி' கூப்பிட்டாலும் கன்ஸ்ட்ரக்டர் ஓடும், சோதனை தப்பாது. எனக்கு அதுவே பிடித்த வழி.

வெளியிலிருந்து மாற்றக் கூடாது என்பது மட்டும் தேவையென்றால் 'பிரைவேட் செட்' போதும், செட்டருக்குள் கோட் எதுவும் எழுத வேண்டியதில்லை.