தீ மூட்டிப் பாடம் படிக்கலாம்: கேள்வி பதில்

கேள்வி (எட்டாம் வகுப்பு ஆசிரியை): பிள்ளைகள் மூட்டினால் தீ பற்றுவதே இல்லை. கொஞ்சம் மண்ணெண்ணெய் விடலாமா சார்?

விடாதீர்கள். ஆபத்து ஒருபுறம், ஏன் பற்றவில்லை என்று யோசிக்கும் வாய்ப்பும் போய்விடும். நடப்பது பெரும்பாலும் இதுதான்: தீக்குச்சியை நேராகக் கட்டையில் காட்டுகிறார்கள். முதலில் இரண்டு கைப்பிடி தேங்காய் நார் அல்லது காய்ந்த பனையோலை. அதன்மேல் பென்சிலைவிட மெலிந்த சுள்ளி ஒரு கட்டு. அது பிடித்த பிறகு விரல் தடிமன் சிராய், கடைசியில்தான் கட்டை. காற்று அடியிலிருந்து நுழைய இடைவெளி வேண்டும். நெருக்கி அடுக்கினால் அணைந்துவிடும். காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம்தானே.

சுள்ளி ஏன் முந்துகிறது என்பதில் கணக்குப் பாடமே இருக்கிறது. 30 செ.மீ. நீளம், 8 செ.மீ. விட்டமுள்ள உருளைக் கட்டையின் மொத்தப் புறப்பரப்பு சுமார் 854 ச.செ.மீ. நீளவாக்கில் நான்காகப் பிளந்தால் புதிதாக 960 ச.செ.மீ. சேரும். எடை அதேதான், பரப்பு இரு மடங்குக்கும் மேல். பிளப்பதைப் பெரியவர் செய்யட்டும், அளப்பது பிள்ளைகள் வேலை.

கேள்வி: எங்களுக்கு ஒரே புகைதான் வருகிறது.

விறகு ஈரம். ஒரு கிலோ விறகில் 300 கிராம் தண்ணீர் இருந்தால், அதை ஆவியாக்கவே சுமார் 680 கிலோஜூல் போகிறது. வெட்டிய சவுக்குத் துண்டுகளுக்கு எண் எழுதி, வெயிலில் வைத்து வாரம் ஒருமுறை எடை பார்த்து வரைபடம் போடச் சொல்லுங்கள். கோடு படுத்துவிட்டால் விறகு தயார். ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டும்.

கேள்வி (சாரணர் பொறுப்பாளர்): இயற்பியலுக்கு?

வெந்நீர் வைக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100க்குக் கொண்டுபோக 294 கிலோஜூல் போதும். காய்ந்த விறகு கிராமுக்கு ஏறக்குறைய 15 கிலோஜூல் தரும். 200 கிராம் எரிந்திருந்தால் 3,000. பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குள் போயிருக்கிறது. மீதி எங்கே என்று கேளுங்கள். பிறகு மூடி போட்டு ஒரு முறை, காற்றுக்கு மறைப்பு வைத்து ஒரு முறை செய்து பார்க்கட்டும். ஊட்டியில் செய்தால் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெப்பமானி கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம்.

கேள்வி: வேதியியல்?

சாம்பல் இருக்கிறதே! இரண்டு கரண்டி சாம்பலை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி, தெளியவிட்டு வடிகட்டுங்கள். மஞ்சள் தடவிக் காயவைத்த தாளில் ஒரு சொட்டு விட்டால் செம்பழுப்பாகும். சாம்பலிலுள்ள பொட்டாசியம் கார்பனேட் காரம் என்பதால் அப்படி. எலுமிச்சைச் சாறு விட்டால் மஞ்சள் திரும்பும். கரித்துண்டு கலக்காத வெளிர் சாம்பலாக எடுங்கள். அந்தத் தண்ணீர் கண்ணில் படக்கூடாது.

கேள்வி (ஒரு அம்மா): பயமாக இருக்கிறது. என்ன முன்னெச்சரிக்கை?

சுற்றிலும் மூன்று மீட்டர் சருகு இல்லாத வெறும் தரை. இரண்டு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். நைலான் உடை, தொங்கும் துப்பட்டா கூடாது. ஆற்றுக் கல்லை அடுப்பாக வைக்காதீர்கள், உள்ளே ஈரமிருந்தால் வெடிக்கும். சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள்; மை, பற்பசை எதுவும் வேண்டாம். காப்புக் காட்டுக்குள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். பள்ளி மைதானமே போதும்.

கேள்வி: தமிழ் ஆசிரியருக்கு இதில் வேலை உண்டா?

ஏன் இல்லை? சுள்ளி, சிராய், தணல், கங்கு, நீறு என்று ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துச் சொல்லலாம். 'நீறு பூத்த நெருப்பு' என்பதற்கு உரையே வேண்டாம்: மேலே சாம்பல் மூடியதால் காற்றும் குறைவு, வெப்பம் வெளியேறுவதும் குறைவு. கங்கு மணிக்கணக்கில் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். அதனால்தான் அணைக்கும்போது மணலைப் போட்டு மூடிவிட்டுப் போகக்கூடாது. தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். பெரியவர் ஒருவர் புறங்கையை மேலே காட்டிப் பார்த்து, சூடு துளியும் தெரியவில்லை என்றால் கிளம்பலாம்.