வீட்டிலேயே ப்ராக் ராக்: வாசகர் கேள்வி – பதில்

லேப்டாப், கிடார், சின்னதாக ஒரு ஆடியோ இண்டர்பேஸ். இவற்றை வைத்துக்கொண்டு எட்டு, பத்து நிமிட ப்ராக் ராக் (தாளமும் பகுதிகளும் மாறிக்கொண்டே போகும் நீண்ட ராக் பாட்டு) ட்ராக்குகளைச் செய்து, நண்பர்களுக்குள் அனுப்பிக் கருத்துக் கேட்கும் வாசகர்களின் கேள்விகள் இந்த முறை.

பதினோரு நிமிட ட்ராக் ஒன்றை ஐந்து பேருக்கு அனுப்பினேன். "செம", "கொஞ்சம் நீளம்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. உருப்படியான விமர்சனம் வாங்குவது எப்படி?
– வாசகர், கோவை

கேட்டவர்கள் மேல் குறையில்லை. பதினோரு நிமிடத்தை மொத்தமாகக் கையில் கொடுத்து "எப்படி இருக்கு?" என்றால் பதிலும் மொத்தமாகத்தான் வரும். கேள்வியைச் சிறிதாக்குங்கள். அனுப்பும்போதே நேரக்குறிப்பு சேர்த்துவிடுங்கள்: 0:00 முன்னிசை, 1:20 பாடல், 3:45 ஏழு எண்ணிக்கை ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் துண்டு), 6:10 அகூஸ்டிக் பகுதி, 8:30 முதல் மெட்டு மீண்டும். அதன் கீழே இரண்டே கேள்வி: "3:45க்குத் தாவுவது திடீரென்று இருக்கிறதா? 8:30ல் வருவது பழைய மெட்டுதான் என்று தெரிகிறதா?" இப்படிக் கேட்டால் இசை படிக்காதவர்கூடத் தெளிவாகப் பதில் சொல்வார்.

ட்ராக் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். அமைப்பு, வாசிப்பு, மிக்ஸ் மூன்றும் தனித்தனி. மிக்ஸை முடித்தபிறகு "நடுப்பகுதியே வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் இரண்டு வார வேலை போச்சு. கிடாரும் வெறும் டிரம்ஸும் மட்டும் இருக்கும் கரடுமுரடான வடிவத்திலேயே அமைப்பைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். அப்போது ஸ்னேர் சத்தத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

நீங்கள் அடுத்தவர் ட்ராக்கைக் கேட்கும்போதும் இதே ஒழுங்கு வேண்டும். முதல் தடவை நிறுத்தாமல், குறிப்பெடுக்காமல் கேளுங்கள். கவனம் எங்கே நழுவியது என்பது அந்த ஒரு தடவையில் மட்டும்தான் தெரியும்; இரண்டாம் தடவை அடுத்து என்ன வரும் என்று காதுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நேரம் குறித்து எழுதுங்கள். ஒவ்வொரு குறிப்பிலும் நேரம், காதில் விழுந்தது, சந்தேகிக்கும் காரணம், செய்து பார்க்க ஒரு வழி நான்கும் இருக்கட்டும். உதாரணம்: "5:12. பேஸ், கிக்குக்கு முன்னால் விழுகிறது. ரிஃபின் கடைசி நோட்டை அவசரமாக விடுவதால் இருக்கலாம். அந்த இரண்டு பாரை மட்டும் மறுபடி வாசித்துப் பாருங்கள்." "பேஸ் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் அவர் பேஸின் சத்தத்தைக் கூட்டிவிடுவார். பிழையும் கூடவே பெரிதாகும்.

ரசனையையும் பிழையையும் பிரித்து எழுதுவது மரியாதை. "எனக்குக் கீபோர்டு சோலோ நீளமாகப் பட்டது" என்பது ரசனை. "சோலோ முழுக்க கிடாரும் கீபோர்டும் சுருதி சேரவில்லை" என்பது பிழை.

மிருதங்கம் படித்தவள் நான். 7/8, அதாவது ஏழு எண்ணிக்கை ரிஃப் ஒன்றுக்கு டிரம்ஸ் ப்ரோகிராம் செய்தேன். ஏழு எனக்குப் புதிதல்ல. ஆனாலும் கேட்பவர்கள் "தடுக்குது" என்கிறார்கள். ஏன்?
– வாசகி, திருச்சி

ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு கையில் ஊறியிருப்பதே காரணமாக இருக்கலாம். மிஸ்ர சாபு மூன்றும் நாலுமாகப் பிரியும்: தகிட தகதிமி. ராக்கில் வரும் 7/8 பெரும்பாலும் நாலும் மூன்றுமாகவோ, இரண்டு இரண்டு மூன்றாகவோ பிரியும்: தகதிமி தகிட, அல்லது தக தக தகிட. இரண்டிலும் மொத்தம் ஏழுதான். ஆனால் ரிஃபின் அழுத்தம் 1, 3, 5ல் விழ, பழக்கத்தில் நீங்கள் 1, 4, 6ல் டிரம்ஸ் அடித்தால் இரண்டு தாளம் ஒன்றோடொன்று முட்டும். கேட்பவருக்கு அது தடுக்கலாகத்தான் படும்.

டிரம்ஸை மியூட் செய்துவிட்டு ரிஃபை மட்டும் ஓடவிட்டு, மூன்று பிரிவையும் வாயால் சொல்லிப் பாருங்கள். எந்தச் சொல்கட்டு இழுபறி இல்லாமல் ஒட்டுகிறதோ அதுதான் ரிஃபின் பிரிவு. தக தக தகிட என்று வந்தால், 1, 5ல் கிக், 3, 7ல் ஸ்னேர் போட்டு ஆரம்பியுங்கள். ஏழில் விழும் ஸ்னேருக்கு அடுத்த எண்ணிக்கையிலேயே ஒன்றின் கிக் வருவதால் சுற்று தானாக முன்னால் உருளும். க்ளிக்கையும் (வாசிக்கும்போது காதில் தட்டும் தாள ஒலி) இதே பிரிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சாஃப்ட்வேர் தரும் க்ளிக் பெரும்பாலும் ஒன்றை மட்டும் அழுத்தி, மீதி ஆறையும் ஒரே மாதிரி தட்டும். தனி ட்ராக்கில் 1, 3, 5ல் மட்டும் ரிம்ஷாட் வைத்து அதைக் கேட்டுக்கொண்டு வாசித்தால் கிடாரும் நிலைக்கு வரும்.

அதற்கு மேலும் கேட்பவரின் கால் தட்டத் தயங்கினால், ஹை-ஹாட்டை க்வார்ட்டர் நோட்டில், அதாவது ஒன்று விட்டு ஒன்றில் மட்டும் வையுங்கள். முதல் சுற்றில் 1, 3, 5, 7ல் விழும். இரண்டாம் சுற்றில் 2, 4, 6ல் விழும். பதினாலு முடிந்ததும் சரியாக ஒன்றுக்கு வந்து நிற்கும். ரிஃப் ஏழில் சுழல, மேலே ஹை-ஹாட் சீராக நடக்கும். கேட்பவர் எண்ணவே வேண்டியதில்லை, ஹை-ஹாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். பாட்டில் ஒற்றைப்படை தாளம் வந்தால் அதற்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள இப்படி ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்பது என் திடமான கருத்து.

பாட்டு முழுக்க ஏழிலேயே நிற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிங்க் ஃப்ளாய்டின் 1973ம் ஆண்டுப் பாட்டு 'மணி'யில் பாடலும் சாக்ஸஃபோன் சோலோவும் 7/4ல் வரும். கிடார் சோலோ தொடங்கும்போது தாளம் 4/4க்கு மாறும். சோலோவுக்கு இடம் கிடைக்கிறது, ஏழு திரும்பி வரும்போது அதற்குப் புதிதாக வலுவும் கிடைக்கிறது.

என் பாட்டில் நாலு பகுதிகள். தனித்தனியாகக் கேட்டால் நன்றாக இருக்கின்றன. சேர்த்துக் கேட்டால் "நாலு பாட்டை வெட்டி ஒட்டினாற்போல் இருக்கு" என்கிறார்கள்.
– வாசகர், யாழ்ப்பாணம்

இந்தத் துறையில் அடிக்கடி வரும் குறை இதுதான். ஒரு சோதனை செய்யுங்கள். நாலு பகுதிகளையும் தனித்தனிக் கோப்பாக எடுத்து, வரிசையை மாற்றிக் கேளுங்கள். எந்த வரிசையிலும் ஒரே மாதிரி இருந்தால் பகுதிகளுக்குள் உறவே இல்லை என்று பொருள். அந்த நிலையில் டிரம் ஃபில்லும் க்ராஷும் போட்டு மாற்றத்தை மூடுவதால் பயனில்லை.

உறவை மூன்று இடங்களில் உண்டாக்கலாம். முதலாவது வேகம். 7/8 ரிஃபில் க்வார்ட்டர் நோட் நிமிடத்துக்கு 132 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி நீளமுள்ள எய்த் நோட் நிமிடத்துக்கு 264. அதே எய்த் நோட்டை மூன்று மூன்றாகக் குவித்தால் 264ஐ மூன்றால் வகுத்து 88. ஆகவே அடுத்து வரும் மெதுவான 6/8 பகுதியை 90 என்றோ 85 என்றோ குத்துமதிப்பாக வைக்காமல், புள்ளி வைத்த க்வார்ட்டர் நோட் (மூன்று எய்த் நோட் சேர்ந்தது) 88 என்று வையுங்கள். ஹை-ஹாட் ஓட்டம் மாறாமல் தொடரும். அழுத்தம் மட்டும் இடம் மாறும். ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் ஷிஃப்ட், சி இரண்டையும் அழுத்தினால் அந்த இடத்தில் வேகத்தையும் தாளத்தையும் மாற்றும் குறி விழும். க்வார்ட்டர் நோட்டைக் கணக்காக எடுக்கும் சாஃப்ட்வேரில் 88க்குப் பதில் 132ஐ அப்படியே விட்டு, தாளத்தை மட்டும் 6/8 ஆக்கினால் போதும்.

இரண்டாவது, பொதுவான சுரம். ஈ மைனரிலிருந்து சி ஷார்ப் மைனருக்குப் போகிறீர்கள் என்றால் இரண்டிலும் ஈ இருக்கிறது. பழைய பகுதியின் கடைசி இரண்டு பாரிலிருந்து புதிய பகுதியின் முதல் இரண்டு பார் வரை ஆர்கனில் அந்த ஈயை விடாமல் பிடியுங்கள். மற்றதெல்லாம் அதன் கீழே மாறட்டும்.

மூன்றாவதுதான் முக்கியம்: மெட்டு திரும்பி வர வேண்டும். ஜெனிசிஸ் குழுவின் 1972ம் ஆண்டு 'சப்பர்ஸ் ரெடி' ஏறத்தாழ 23 நிமிடம், ஏழு பகுதிகள். நடுவில் எங்கெங்கோ போய்விட்டு, முடிவில் தொடக்கப் பகுதியின் மெட்டு முழு வலுவோடு திரும்புகிறது. அத்தனை நேரம் கேட்டதெல்லாம் ஒரே பாட்டுதான் என்று காது அங்கே ஒப்புக்கொள்கிறது. உங்கள் முதல் பகுதியில் நாலைந்து சுரங்களில் முணுமுணுக்கக்கூடிய துண்டு ஒன்று இருந்தால், அதை மூன்றாம் பகுதியில் பேஸுக்குக் கொடுங்கள், நாலாம் பகுதியில் பாதி வேகத்தில் கிடாருக்குக் கொடுங்கள். அப்படி ஒரு துண்டு இல்லையென்றால் மிக்ஸைத் தொடாமல் முதலில் அதை உருவாக்குங்கள்.

இரண்டு கிடார், ஆர்கன், பழைய நாடாக் கீபோர்டான மெல்லோட்ரானின் பிளக்கின் எல்லாம் சேரும் இடத்தில் சேறாகிவிடுகிறது. பேஸ் காணாமலே போகிறது.
– வாசகர், சென்னை

சேறு சேரும் இடம் பெரும்பாலும் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை. நாலு கருவிகளும் அங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன. ஈக்யூவை (கீழ், மேல் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) திறக்கும் முன் ஏற்பாட்டைப் பாருங்கள். ஆர்கனில் இடது கை வாசிப்பதை எடுத்துவிடுங்கள். பேஸ் இருக்கும்போது அது தேவையில்லை. இரண்டு கிடாரும் ஒரே இடத்தில் ஒரே கார்டைப் பிடித்தால், ஒன்றை ஏழாம் கட்டுக்கு மேலே ஏற்றுங்கள். பாதிச் சேறு இதிலேயே வடிந்துவிடும்.

பிறகு ஈக்யூ. கிடாருக்கு 90 ஹெர்ட்ஸ் வாக்கில், மெல்லோட்ரான் வயலினுக்கு 180 வாக்கில் கீழ்ப்பகுதியை வெட்டுங்கள். தனியாகக் கேட்டால் மெலிந்து தெரியும்; கூட்டத்தில் சரியாக இருக்கும். பேஸ் ட்ராக்கை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வைத்து, கம்ப்ரஸரால் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) நிலைப்படுத்துங்கள். மற்றதில் 200க்கு மேலே மட்டும் வைத்து, கொஞ்சம் டிஸ்டார்ஷன் கொடுங்கள். பேஸ் காதில் விழுவது இந்த இரண்டாவது ட்ராக்கின் 700 முதல் 1500 ஹெர்ட்ஸ் வரையிலான கரகரப்பால்தான். இரண்டையும் சேர்க்கும்போது சத்தம் மெலிந்தால் ஃபேஸ் மாறியிருக்கிறது, அதாவது இரண்டின் ஒலி அலைகளும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பிப் பாருங்கள்.

மெல்லோட்ரானைப் பற்றி இன்னொன்று. அசல் கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நாடாத் துண்டு. அது சுமார் எட்டு வினாடியில் ஓடி முடிந்துவிடும். விரலை எடுத்து மறுபடி அழுத்த வேண்டும். பிளக்கினில் அதே கார்டை இருபது வினாடி பிடித்தால் அந்தக் கருவியின் குணமே போய்விடும். எட்டு வினாடிக்குள் கார்டு மாறும்படி எழுதினால் மூச்சு விடும் இடைவெளிகள் தானாக வரும், அந்த இடைவெளியில் கிடாரும் கேட்கும்.

ப்ரோகிராம் செய்த டிரம்ஸ் மிஷின் மாதிரியே இருக்கிறது. "ஹ்யூமனைஸ்" பட்டனை அழுத்தியும் பலனில்லை.
– வாசகர், மதுரை

அந்தப் பட்டன் நேரத்தைக் கண்டபடி கலைக்கும். டிரம்மர் அப்படிக் கலைப்பதில்லை. அவருடைய ஸ்னேர் ஒரே அளவு பின்தங்கும். எல்லா ஸ்னேரையும் 5 முதல் 8 மில்லிசெகண்ட் பின்னால் தள்ளுங்கள், கிக்கை அப்படியே விடுங்கள். வெலாசிட்டியில் (அடியின் வலுவைக் குறிக்கும் எண்) ஸ்னேரின் முக்கிய அடி 105–118, நடுவே வரும் மெல்லிய அடிகள் 25–45, ஹை-ஹாட்டில் வலுவும் மெலிவும் மாறி மாறி 95, 70. அடுத்து, ஒவ்வொரு இடத்திலும் கைகளை எண்ணுங்கள். க்ராஷும் ஸ்னேரும் ஒன்றாக விழும் இடத்தில் ஹை-ஹாட்டில் அடி இருந்தால் மூன்றாவது கை வேண்டும், அதை அழியுங்கள்.

கிடார் அகலமாகக் கேட்க, ஒரே ட்ராக்கைக் காப்பி செய்து இடமும் வலமும் வைத்தேன். மாற்றமே இல்லையே?
– வாசகர், ஈரோடு

இரண்டு பக்கமும் ஒரே ஒலி வந்தால் அது நடுவில்தான் கேட்கும். காப்பியைச் சில மில்லிசெகண்ட் தள்ளினால் ஹெட்ஃபோனில் அகலமாகத் தெரியும், ஆனால் ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போனில் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். இரண்டு தடவை தனித்தனியாக வாசியுங்கள். இரண்டாவதில் பிக்கப்பை மாற்றுங்கள், கெயினை முதல் தடவையைவிடக் குறைத்து வையுங்கள்.

என் ட்ராக் மற்றவர்களுடையதைவிடச் சத்தம் குறைவு. லிமிட்டரை (உச்சச் சத்தத்தை அமுக்கி மொத்தச் சத்தத்தை ஏற்றும் கருவி) ஏற்றினால் அமைதியான பகுதியும் உரத்த பகுதியும் ஒன்றாகிவிடுகின்றன.
– வாசகர், சிங்கப்பூர்

அப்படியானால் ஏற்றாதீர்கள். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் சுமார் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குப் படும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமன் செய்துதான் ஒலிக்கவிடும். மைனஸ் 8க்கு ஏற்றிய பாட்டை அங்கே 6 டெசிபல் இறக்கிவிடுவார்கள், நசுங்கியது நசுங்கியதுதான். லிமிட்டர் மிக உரத்த இடத்தில் 2, 3 டெசிபலுக்கு மேல் அமுக்காமல், உச்சம் மைனஸ் 1 டெசிபலில் நிற்கும்படி வையுங்கள். அகூஸ்டிக் பகுதி மைனஸ் 20 வாக்கிலும் உரத்த பகுதி மைனஸ் 12 வாக்கிலும் இருந்தால் ப்ராக் ராக்குக்கு அழகான வித்தியாசம். மற்றவர் ட்ராக்கோடு ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுக் கேளுங்கள். ஒரு டெசிபல் கூட இருந்தாலே "இதுதான் நல்ல மிக்ஸ்" என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும்.

பெங்களூரு நண்பர் டிரம்ஸ் வாசித்து அனுப்புகிறார். என் ப்ராஜெக்டில் வைத்தால் வேகமும் சுருதியும் மாறிவிடுகின்றன.
– வாசகர், சேலம்

ஒருவர் 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டிலும் (ஒலியை வினாடிக்கு எத்தனை தடவை அளக்கிறது என்பது) மற்றவர் 48லும் வேலை செய்கிறீர்கள். 44.1ல் பதிந்ததை மாற்றாமல் 48ல் ஓட்டினால் 10 நிமிடப் பாட்டு ஏறத்தாழ 9 நிமிடம் 11 வினாடியில் முடிந்துவிடும், சுருதியும் ஒன்றரை செமிடோன் ஏறும். இருவரும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். வேகம் மாறும் பாட்டு என்றால் வேகக் குறிகள் அடங்கிய மிடி கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். நண்பர் தன் வேவ் கோப்புகளை, டிரம்ஸ் மூன்றாம் நிமிடத்தில்தான் தொடங்கினாலும், முதல் பாரிலிருந்தே எடுத்து அனுப்பட்டும். பத்து நிமிட ஸ்டீரியோ கோப்பு ஒன்று 173 எம்.பி. ஆகும். கேட்டுக் கருத்துச் சொல்ல மட்டும் என்றால் 320 கே.பி.பி.எஸ். எம்.பி.3 போதும், 24 எம்.பி.தான். கோப்பின் பெயரில் பதிப்பு எண்ணைப் போடுங்கள். இல்லாவிட்டால் நண்பர் பழைய மிக்ஸைக் கேட்டுவிட்டு, நீங்கள் ஏற்கெனவே திருத்திய 5:12ஐப் பற்றி எழுதுவார்.