கூகுளில் தேடி வந்தால் மட்டும் எங்கள் கம்பெனி வெப்சைட் சூதாட்டப் பக்கத்துக்குப் போகிறது. ஹேக் ஆகிவிட்டதா, சர்வர் கோளாறா?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறோம். வேர்ட்பிரஸ் சைட், ஷேர்டு ஹோஸ்டிங், அதை நிர்வகிக்க சி-பேனல். ஆபீஸ் கம்ப்யூட்டரில் முகவரியை அடித்தால் சரியாகத் திறக்கிறது. ஃபோனில் கூகுள் வழியாக வந்தால் சூதாட்டப் பக்கம் வருகிறது, அதுவும் முதல் தடவை மட்டும். கூகுளில் எங்கள் பெயருக்குக் கீழே ஜப்பானிய எழுத்தில் ஏதேதோ தெரிகிறது. சைட் செய்து கொடுத்தவர் "கேச் கிளியர் பண்ணுங்க, சரியாயிருமுங்க" என்கிறார். பழைய பேக்கப்பைப் போட்டால் போதுமா?

பதில்:

ஹேக் ஆகியிருக்கிறது. சர்வர் கோளாறு ஆள் பார்த்து வராது. எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் தெரியும். கூகுளிலிருந்து வருகிறவரா, ஃபோனா கம்ப்யூட்டரா, முதல் தடவையா என்று பிரித்துப் பார்த்து வேறு பக்கம் காட்டுவதற்கு யாரோ நிரல் எழுதி உள்ளே வைத்தாக வேண்டும். முகவரியை நேரடியாக அடித்து வரும் முதலாளிக்கும் ஊழியருக்கும் நல்ல பக்கம் தெரியும்படி விட்டுவைப்பதே அதன் நோக்கம், அப்போதுதான் அது நீண்ட நாள் மாட்டாமல் இருக்கும். கேச் கிளியர் செய்தால் இது போகாது. குக்கீயும் (ஒருவர் ஏற்கெனவே வந்ததைக் காட்ட பிரவுசரில் இருக்கும் குறிப்பு) சேர்ந்து அழிந்தால் மறுபடி 'முதல் தடவை' ஆகி, சூதாட்டப் பக்கம் திரும்ப வரும், அவ்வளவுதான்.

உறுதி செய்துகொள்ள நம்பகமான வழி, சைட் உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவி. அதில் யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் உங்கள் முகப்புப் பக்கத்தையும், தேடலில் தெரியும் ஜப்பானியப் பக்கம் ஒன்றையும் கொடுத்து 'லைவ் டெஸ்ட்' ஓட்டுங்கள். கூகுளின் ரோபோவுக்கு உங்கள் சைட் என்ன காட்டுகிறது என்பது அப்படியே வரும். பிரவுசரில் அந்த ரோபோவான கூகுள்பாட் போல வேஷம் போட்டுப் பார்ப்பது சில நேரம் ஏமாற்றிவிடும், ஏனென்றால் கெட்டிக்கார நிரல் ஐபி முகவரியையும் சரிபார்க்கும். லைவ் டெஸ்ட் கூகுளின் ஐபியிலிருந்தே போவதால் அதை ஏமாற்றுவது கடினம். அங்கேயே 'செக்யூரிட்டி இஷ்யூஸ்', 'மேனுவல் ஆக்ஷன்ஸ்' இரண்டையும் பாருங்கள். செட்டிங்ஸில் 'யூசர்ஸ் அண்ட் பெர்மிஷன்ஸ்' போய், உரிமையாளர் பட்டியலில் தெரியாத ஜிமெயில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த ஜப்பானிய ஹேக்கில் புகுந்தவர் தன்னையே உரிமையாளராகச் சேர்த்துக்கொண்டு, பொய்யான சைட்மேப்பை (சைட்டின் பக்கப் பட்டியல்) சமர்ப்பிப்பது வழக்கம்.

வேறு அறிகுறியோடு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளைப் பக்கம் மட்டும் வந்தால், ஹோஸ்டிங்காரர் பிஹெச்பி (வேர்ட்பிரஸ் இயங்கும் நிரல் மொழி) பதிப்பை மாற்றி, பழைய பிளகின் (கூடுதல் வசதிக்கான மென்பொருள்) ஒன்று உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். 508 என்ற பிழை எண் வந்தால் சர்வரில் உங்கள் கணக்குக்கு ஒதுக்கிய வரம்பு தீர்ந்துவிட்டது. 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று வந்தால் எஸ்எஸ்எல் சான்றிதழின் தேதியைப் பாருங்கள். இலவச லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழுக்கு அதிகபட்சம் 90 நாள்தான் ஆயுள், தானாகப் புதுப்பிப்பது நின்றுபோயிருக்கும். சைட் மொத்தமாகக் காணோம் என்றால் டொமைன் கட்டணம் கட்டியாயிற்றா என்பதே முதல் கேள்வி. இவை எதற்கும் ஹேக் என்று பயப்பட வேண்டாம்.

இனி உங்கள் வேலை. எதையும் அழிக்கும் முன் நகல் எடுங்கள். கோப்புகள், டேட்டாபேஸ், சி-பேனலில் 'ரா ஆக்சஸ்' என்ற இடத்தில் கிடைக்கும் லாக் (சைட்டுக்கு யார் எப்போது வந்தார்கள் என்ற பதிவு) ஆகிய மூன்றையும் கீழே இறக்குங்கள். லாக்கை முதலில் எடுக்க வேண்டும். பல ஹோஸ்டிங்கில் அது சீக்கிரம் அழிந்துவிடும், அதோடு எந்த வழியாக வந்தார்கள் என்பதற்கு உங்களிடம் மிஞ்சும் சாட்சியும் போய்விடும். அதே பக்கத்தில் லாக்கைச் சேமித்து வைக்கும் தேர்வு இருக்கும், இப்போதே டிக் செய்து வையுங்கள். இறக்கிய நகலை விண்டோஸின் ஆன்ட்டிவைரஸ் பிடித்துச் சில கோப்புகளை ஒதுக்கிவிடக்கூடும், ஆகவே பாஸ்வேர்டு போட்ட ஜிப்பாக வைப்பது நல்லது. அந்த ஜிப்பை, சைட்டின் கோப்புகள் இருக்கும் பப்ளிக்-ஹெச்டிஎம்எல் ஃபோல்டரில் விட்டுவிடாதீர்கள். பெயரை ஊகித்து யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

பேக்கப் போட்டால் போதுமா என்ற கேள்விக்கு: போதாது. நிட்டிங் மெஷினில் ஊசி பழுதாகித் துணி நெடுகக் கோடு விழும்போது துணியை வெட்டிப்போட்டுப் பயனில்லை, ஊசியை மாற்ற வேண்டும். பேக்கப்பும் அப்படித்தான். புகுந்த ஓட்டை பேக்கப்பிலும் இருக்கிறது. ஜப்பானியப் பக்கங்கள் கூகுளில் ஏறும் அளவுக்கு வந்துவிட்டதால், புகுந்தவர் மறுபடி நுழைய வைக்கும் பின்வாசல் கோப்பும் பல வாரங்களுக்கு முன்பே வைக்கப்பட்டிருக்கலாம், பேக்கப்பில் அதுவும் சேர்ந்தே வரும்.

சைட்டைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். ஷிப்மென்ட் சீசனில் மனசு வராது, ஆனால் பையர் சூதாட்டப் பக்கத்தைப் பார்ப்பதைவிட 'பராமரிப்பு நடக்கிறது' என்ற அறிவிப்பு எவ்வளவோ மேல். சி-பேனல் பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள், சைட் வேலைக்குப் பயன்படுத்தாத சுத்தமான வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து. சர்வருக்குக் கோப்புகளை ஏற்றும் எஃப்டிபி மென்பொருளிலும் பிரவுசரிலும் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் வைரஸ் வழியாகவும் இப்படி நடக்கும்.

சுத்தம் செய்யும்போது சந்தேகப்பட்ட கோப்பை மட்டும் தேடித் தேடி அழிக்கும் முறையை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். ஒன்று தப்பினாலும் எல்லாம் திரும்பி வரும். மாற்ற முடிந்ததை எல்லாம் புதிதாக மாற்றுங்கள்: டபிள்யூபி-அட்மின், டபிள்யூபி-இன்க்ளூட்ஸ் ஃபோல்டர்களை முழுக்க நீக்கி, வேர்ட்பிரஸ்ஸின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கியதைப் போடுங்கள். அந்த ஃபோல்டர்களுக்கு வெளியே இருப்பவற்றில், சைட்டின் அமைப்புக் கோப்பான டபிள்யூபி-கான்ஃபிக் தவிர மற்ற வேர்ட்பிரஸ் கோப்புகளையும் அப்படியே. பிளகின்கள் ஒவ்வொன்றையும் நீக்கிப் புதிதாக நிறுவ வேண்டும். காசு கொடுத்து வாங்கிய தீம் (சைட்டின் வடிவமைப்பு) என்றால் வாங்கிய இடத்தில் மறுபடி இறக்கிக்கொள்ளுங்கள்.

புதிதாக மாற்ற முடியாதவை நான்கு: டபிள்யூபி-கான்ஃபிக், ஹெச்டி-ஆக்சஸ் (சர்வருக்கான விதிகள் உள்ள மறைந்த கோப்பு), அப்லோட்ஸ் ஃபோல்டர், டேட்டாபேஸ். கண்ணை அங்கேதான் செலவிட வேண்டும். ஃபைல் மேனேஜர் செட்டிங்ஸில் 'ஷோ ஹிட்டன் ஃபைல்ஸ்' போட்டால்தான் ஹெச்டி-ஆக்சஸ் கண்ணில் படும். அது ஒரே இடத்தில் இருக்காது, உள் ஃபோல்டர்கள் பலவற்றிலும் நகல் போட்டிருப்பார்கள். வரியை வலப்பக்கம் நெடுந்தூரம் தள்ளி எழுதி ஒளிப்பதும் உண்டு, கிடைமட்டமாக நகர்த்திப் பாருங்கள். அப்லோட்ஸில் படமும் பிடிஎஃபும்தான் இருக்க வேண்டும். அங்கே பிஹெச்பி கோப்பு இருந்தால், சில பிளகின்கள் வைக்கும் காலியான இன்டெக்ஸ் கோப்பைத் தவிர, எதையும் நம்ப வேண்டாம். ஐகான் கோப்பின் பெயரில் பிஹெச்பி நிரலை ஒளித்து வைத்து, வேறு கோப்பிலிருந்து அதைக் கூப்பிடுவதும் பழக்கமான தந்திரம். டபிள்யூபி-கன்டென்ட்டுக்குள் 'எம்யூ-பிளகின்ஸ்' என்ற ஃபோல்டர் இருந்தால் அதைத் தனியாகத் திறந்து பாருங்கள். அதில் இருப்பவை தானாகவே இயங்கும், வழக்கமான பிளகின் பட்டியலில் வராது, டேஷ்போர்டில் அணைக்கவும் முடியாது. கோப்பின் தேதியை வைத்துத் தேடுவது உதவும், ஆனால் தேதியைப் பொய்யாக மாற்றிவைக்க முடியும் என்பதால் 'பழைய தேதி, ஆகவே நல்லது' என்று விட்டுவிடாதீர்கள்.

டேட்டாபேஸில் யூசர்ஸ் அட்டவணையைப் பிஹெச்பி-மைஅட்மின் வழியாக நேரடியாகப் பாருங்கள். டேஷ்போர்டை நம்பக் கூடாது, புகுந்தவர் தன் அட்மின் கணக்கை அங்கே தெரியாமல் மறைக்கிறார். மேலே 'ஆல்' என்பதற்குப் பக்கத்தில் 4 என்று இருந்து, கீழே 3 பேர்தான் தெரிந்தால் அதுதான் காரணம். வேர்ட்பிரஸ் 5.6 முதல் 'அப்ளிகேஷன் பாஸ்வேர்டு' என்ற வசதி இருக்கிறது. ஒவ்வொரு அட்மினின் புரொஃபைலிலும் போய்த் தெரியாததை ரத்து செய்யுங்கள். ஆப்ஷன்ஸ் அட்டவணையில் சைட் முகவரி உங்களுடையதுதானா என்று பார்த்துவிட்டு, பதிவுகளில் ஸ்கிரிப்ட் டேக் புகுந்திருக்கிறதா என்றும் தேட வேண்டும். சி-பேனலில் 'கிரான் ஜாப்ஸ்' (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள்), எஃப்டிபி கணக்குகள், டொமைனின் சோன் எடிட்டரில் தெரியாத சப்-டொமைன் ஆகியவற்றையும் விடாதீர்கள்.

எல்லாவற்றையும் அழித்த அடுத்த நொடியே ஹெச்டி-ஆக்சஸும் இன்டெக்ஸ் கோப்பும் திரும்பி வந்து, அனுமதி 444 (படிக்க மட்டும்) என்று நின்றால் குழம்ப வேண்டாம். சர்வரின் நினைவகத்தில் ஒரு பிஹெச்பி செயல்பாடு ஓடிக்கொண்டே இருந்து அவற்றை மறுபடி எழுதுகிறது. ஹோஸ்டிங் உதவிக்கு அழைத்து, 'எங்கள் யூசரின் கீழ் ஓடும் எல்லா புராசஸையும் கொல்லுங்கள்' என்று சொல்லுங்கள், அதற்குப் பிறகு அழியுங்கள். இன்னொன்று, அதே சி-பேனலில் பழைய சோதனை சைட், சகோதர நிறுவனத்தின் சைட் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்தே சுத்தம் செய்ய வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ தடையே இல்லை.

சுத்தமான பிறகு டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, எல்லா அட்மின் பாஸ்வேர்டு, டபிள்யூபி-கான்ஃபிக்கில் இருக்கும் 8 ரகசியச் சாவி வரிகள் ஆகிய மூன்றையும் மாற்றுங்கள். சாவிகளை மாற்றினால் உள்ளே லாகின் ஆகி உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் வெளியேற்றப்படுவார்கள். சி-பேனல் பாஸ்வேர்டையும் இன்னொரு முறை மாற்றுவது நல்லது.

ஓட்டையைக் கண்டுபிடிக்க லாக்கில் 'போஸ்ட்' (சர்வருக்குத் தகவல் அனுப்பும்) கோரிக்கைகளைத் தேடுங்கள். அப்லோட்ஸிலோ பிளகின் ஃபோல்டரிலோ இருக்கும் விநோதப் பெயர் கொண்ட பிஹெச்பி கோப்புக்குப் போஸ்ட் போய், பதில் 200 (வெற்றி) என்று வந்திருந்தால் அதுதான் பின்வாசல். அந்தக் கோப்பு முதன்முதலாக வரும் நேரத்துக்குச் சற்று முன்னால் அதே ஐபி எதைத் தட்டியது என்று பார்த்தால், பெரும்பாலும் ஒரு பிளகினின் பெயர் கிடைக்கும். திருப்பூர் பனியன் கம்பெனியானாலும், கோவை பம்ப் கம்பெனியானாலும், ஈரோட்டு மஞ்சள் மண்டியானாலும், சைட் ஒரு முறை செய்து முடித்த பிறகு யாரும் அப்டேட் செய்வதில்லை என்பதே பொதுவான நிலைமை. தீமோடு சேர்ந்து வந்த ஸ்லைடர் பிளகின் தனி லைசென்ஸ் இல்லாமல் அப்டேட் ஆகாமலே கிடக்கும். காசு கொடுக்க வேண்டிய தீம் ஒன்றை 'இலவசமாக' எங்கிருந்தோ இறக்கிப் போட்டிருந்தால் பின்வாசல் அதற்குள்ளேயே வந்திருக்கும். அப்லோட்ஸ் ஃபோல்டரில் பிஹெச்பி இயங்காதபடி ஒரு ஹெச்டி-ஆக்சஸ் விதி போடச் சொல்லுங்கள் (அப்பாச்சி, லைட்ஸ்பீட் சர்வர் மென்பொருள்களில் வேலை செய்யும், என்ஜின்எக்ஸில் செய்யாது). டேஷ்போர்டிலிருந்து கோப்பைத் திருத்தும் வசதியையும் அணைத்து வையுங்கள்.

ஏற்றுமதியாளரான உங்களிடம் நான் மிக முக்கியமாகச் சொல்ல விரும்புவது மெயில். சைட்டும் மெயிலும் ஒரே சி-பேனலில் இருந்தால், சி-பேனலுக்குள் வந்தவர் உங்கள் மெர்ச்சன்டைசர்களின் மெயிலையும் படித்திருக்க முடியும். எந்தப் பையருக்கு எந்த இன்வாய்ஸ் எப்போது போகிறது என்று தெரிந்துகொண்டு, 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்புங்கள்' என்று உங்கள் பெயரில் எழுதும் மோசடிக்கு இதுவே நுழைவாயில். பணம் போன பிறகுதான் பையருக்கும் உங்களுக்கும் தெரியும். 'ஃபார்வர்டர்ஸ்', 'ஈமெயில் ஃபில்டர்ஸ்', 'குளோபல் ஈமெயில் ஃபில்டர்ஸ்', 'டிஃபால்ட் அட்ரஸ்' நான்கிலும் தெரியாத முகவரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். எல்லா மெயில் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பணம் வரவேண்டிய பையர்களுக்கு ஃபோன் செய்து, வங்கி விவரம் எதுவும் மாறவில்லை, மாறினாலும் மெயிலில் மட்டும் சொல்ல மாட்டோம் என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே பணம் தவறாகப் போயிருந்தால் அனுப்பிய பணத்தைத் திருப்பி அழைக்கும் 'ரீகால்' கோரிக்கையை அன்றே பையரைத் தன் வங்கியிடம் கொடுக்கச் சொல்லுங்கள், உங்கள் வங்கிக்கும் தகவல் கொடுங்கள். நம் நாட்டில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் புகார் கொடுக்கலாம்.

சட்டப்படியும் ஒரு கடமை இருக்கிறது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, வெப்சைட்டுக்குள் ஊடுருவி நிரலையோ வெளி லிங்க்கையோ புகுத்துவது தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டிய சம்பவம். நிறுவனங்களுக்கு இது பொருந்தும். லாக்கை 180 நாள் வைத்திருக்கவும் அதே உத்தரவு சொல்கிறது.

கூகுள் பக்கம் கடைசி வேலை. ஜப்பானியப் பக்கங்கள் இப்போது 404 அல்லது 410 (பக்கம் இல்லை) என்ற பதிலைத் தர வேண்டும். அவற்றை முகப்புக்குத் திருப்பிவிடாதீர்கள். தேடல் ரோபோக்களுக்கு எதைப் பார்க்கலாம் என்று சொல்லும் ரோபோஸ் கோப்பில் தடுக்கவும் வேண்டாம், தடுத்தால் அவை போய்விட்டதைக் கூகுளால் பார்க்கவே முடியாது, பட்டியலில் கிடந்துகொண்டே இருக்கும். பொய் சைட்மேப்பை நீக்கி, தெரியாத உரிமையாளரின் சரிபார்ப்புக் கோப்பையும் அழித்துவிட்டு அவரை வெளியேற்றுங்கள். 'ரிமூவல்ஸ்' கருவி ஏறத்தாழ 6 மாதம் மறைத்து வைக்கும், நிரந்தரமாக அழிக்காது. செக்யூரிட்டி இஷ்யூஸிலோ மேனுவல் ஆக்ஷன்ஸிலோ எச்சரிக்கை இருந்தால் மட்டும் ரிவியூ கேளுங்கள், என்ன ஓட்டை, எதை மாற்றினீர்கள் என்று தெளிவாக எழுதி. ஸ்பேம் வகை ஹேக்குக்கு அந்த ரிவியூ சில வாரம்கூட ஆகலாம். அதுவரை இரண்டு நாளுக்கு ஒருமுறை லைவ் டெஸ்ட் ஓட்டிப் பாருங்கள். டொமைனும் ஹோஸ்டிங்கும் சைட் செய்து கொடுத்தவரின் பெயரில் இருந்தால், அதைக் கம்பெனி பெயருக்கு மாற்றிக்கொள்ளும் வேலையையும் இந்த வாரங்களுக்குள் முடித்துவிடுங்கள்.