பனிக்கு அடியில் கிரீம்ஸ்வோட்ன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐஸ்லாந்தின் வாட்னயோக்குல் பனிக்கவிகைக்குக் கீழே புதைந்து கிடக்கும் கிரீம்ஸ்வோட்ன் எரிமலை பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். பெரும்பாலோர் கேட்டிருப்பது நெருப்பைப் பற்றி. பதில்களில் பாதி தண்ணீரைப் பற்றி இருக்கும். அந்த எரிமலையின் குணம் அப்படி.

கேள்வி: எரிமலையே கண்ணுக்குத் தெரியவில்லை. மேலே நூற்றுக்கணக்கான மீட்டர் பனி. பிறகு எதை வைத்துக் கண்காணிக்கிறார்கள்?

பதில்: முழுவதும் மறைந்துவிடவில்லை. எரிமலைக் குழியின் தெற்கு விளிம்பு, சுமார் 1,700 மீட்டர் உயரத்தில், பனியைத் துளைத்துக்கொண்டு பாறையாக நிற்கிறது. கிரீம்ஸ்ஃபியாட்ல் என்று பெயர். பல கிலோமீட்டர் சுற்றளவுக்குக் கருவியைப் பாறையோடு பாறையாகப் பொருத்த வேறு இடம் கிடையாது. நிலநடுக்கமானியும் ஜி.பி.எஸ். கருவியும் அங்கேதான் இருக்கின்றன. ஐஸ்லாந்து வானிலை ஆய்வு மையம் இவற்றின் தரவைத் தொலைவிலிருந்து தொடர்ந்து வாங்குகிறது.

மாக்மா, அதாவது நிலத்தடிக் கற்குழம்பு, அடியில் சேரச் சேர, அந்தப் பாறை மெல்ல மேலே எழும்பி வெளிப்பக்கம் நகரும். ஆனால் எழுவதெல்லாம் மாக்மாவால் அல்ல. பனிக்கவிகை ஆண்டுதோறும் உருகி எடை குறைவதால் அதன் சுற்றுப்புறம் முழுவதுமே ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் உயர்ந்துகொண்டிருக்கிறது. குளிர்காலப் பனி விழுந்தால் அந்தப் பாரத்தில் நிலம் சற்றுத் தாழும்; கோடையில் மீளும். இந்த இரண்டையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் மாக்மாவின் கணக்கு. ஆன்டெனாவின் மேல் உறைபனி ஒட்டிக்கொண்டால் செயற்கைக்கோள் சமிக்ஞை தாமதமாகி, பாறை திடீரென்று சில சென்டிமீட்டர் நகர்ந்ததுபோல் வரைபடம் காட்டும். பனி உதிர்ந்ததும் கோடு பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். உண்மையான வீக்கம் அப்படித் திரும்பாது. ஒரு நாள் வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் பதறக்கூடாது என்பது இதனால்தான்.

2011 மே 21 அன்று இந்த ஒற்றை ஜி.பி.எஸ். கருவி செய்த வேலை பெரிது. சாம்பல் தூண் மேலெழுவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே மாக்மா அறையின் அழுத்தம் இறங்கத் தொடங்கியது அதில் பதிவாகியிருக்கிறது. மாக்மா அறையை விட்டுக் கிளம்பியதும் பாறை உள்வாங்கியது. இன்னொரு செய்தியும் அதற்குள் இருக்கிறது. கையில் கிடைக்கும் அவகாசம் மணிக்கணக்கில்தான். நாள் கணக்கில் அல்ல.

கேள்வி: எரிமலைக் குழிக்குள் ஏரி இருக்கிறதாமே. அது ஏன் திடீர் வெள்ளமாகப் பாய்கிறது?

பதில்: எரிமலை வெடிக்காத காலத்திலும் அடியிலிருந்து வரும் புவிவெப்பம் பனியை உருக்கிக்கொண்டே இருக்கும். உருகிய நீர் குழிக்குள் தேங்குகிறது. மேலே 200, 300 மீட்டர் தடிமன் உள்ள பனிப்பலகை அந்த நீரில் மிதக்கிறது. ஏரியின் கிழக்குப் பக்கம் பனியாறே அணைபோல் அடைத்து நிற்கிறது.

பனியின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு. ஆகவே 100 மீட்டர் பனியைத் தூக்க 90 மீட்டர் நீர் போதும். நீர்மட்டம் அந்த அளவை நெருங்கும்போது அணையின் அடிப்பாகம் கசியத் தொடங்கும். கசியும் நீர் தன் வெப்பத்தாலும் உராய்வாலும் வழியை அகலமாக்கும். அகலமான வழியில் இன்னும் அதிக நீர் போகும். பனிக்கு அடியில் 50 கிலோமீட்டர் ஓடி, தெற்கே ஸ்கேதரார்சாந்துர் மணல்வெளியில் வெளிப்படும். இதற்கு ஐஸ்லாந்துக்காரர்கள் வைத்த பெயர் யோக்குல்லாப். உலகம் முழுக்க இத்துறையில் இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

வழக்கமான யோக்குல்லாப் மெதுவாக ஏறும்; உச்சத்தை எட்டச் சில நாட்கள் ஆகும். 1996இல் நடந்தது வேறு வகை. அந்த ஆண்டு செப்டம்பர் 30 அன்று கிரீம்ஸ்வோட்னுக்கு வடக்கே கியால்ப் என்ற இடத்தில் பனிக்கு அடியில் வெடிப்பு தொடங்கி, 500 மீட்டருக்கு மேற்பட்ட பனியைச் சுமார் 30 மணி நேரத்தில் உருக்கித் துளைத்தது. நீர் முழுவதும் ஏரிக்குள் இறங்கியது. ஐந்து வாரம் தாங்கியது ஏரி. நவம்பர் 4 இரவு அணையின் அடி தூக்கிக்கொண்டது. மறுநாள் காலை வெள்ளம் மணல்வெளியில் இருந்தது. சிறு சுரங்கம் மெல்ல அகலும் கதையல்ல அது, பனியாற்றையே அடியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த வெள்ளம். இரண்டு நாளில் 3 கன கிலோமீட்டருக்கு மேல், அதாவது நம் கணக்கில் 100 டி.எம்.சி.க்கும் அதிகமான நீர் வெளியேறியது. உச்சத்தில் விநாடிக்கு 45,000 கன மீட்டருக்குக் குறையாது. சுமார் 16 லட்சம் கன அடி. கிக்யுக்விஸ்ல் ஆற்றின் மேலிருந்த 376 மீட்டர் பாலம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. வீடளவு பனிக்கட்டிகள் மணலில் தரைதட்டிக் கிடந்தன. ஏரியின் மட்டத்தை முன்பே கவனித்துச் சாலையை மூடியிருந்ததால் ஓர் உயிரும் போகவில்லை. முறுக்கிப் பிழிந்த துணிபோல வளைந்த பாலத்தின் இரும்பு உத்தரங்கள் ஸ்காஃப்டாஃபெல் அருகே சாலையோரம் நினைவுச்சின்னமாக நிற்கின்றன.

கேள்வி: வெள்ளம் வந்தால் பின்னாலேயே எரிமலை வெடிக்கும் என்று படித்தேன். உண்மையா?

பதில்: சில சமயம். ஏரி வடியும்போது மாக்மா அறையின் மேலிருந்த பாரம் குறைகிறது. 10 மீட்டர் நீர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் குறைந்ததாகக் கணக்கு. 2004 அக்டோபர் இறுதியில் வெள்ளம் கிளம்பியது; நவம்பர் 1 அன்று வெடித்தது. அப்போது ஏரி இறங்கியிருந்தது சில பத்து மீட்டர்கூட இல்லை.

2021ஐப் பாருங்கள். நவம்பர் கடைசியில் பனிப்பலகை தாழத் தொடங்கி மொத்தம் 77 மீட்டர் இறங்கியது. டிசம்பர் 5 வாக்கில் வெள்ளம் விநாடிக்கு 2,800 கன மீட்டரை, அதாவது சுமார் ஒரு லட்சம் கன அடியைத் தொட்டது. மறுநாள் நிலநடுக்கங்கள் கூடியதால் விமானப் போக்குவரத்துக்கான எச்சரிக்கை நிறத்தை ஆரஞ்சாக உயர்த்தினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாள் மஞ்சளுக்கு இறக்கினார்கள். 2004ஐவிடப் பல மடங்கு அழுத்தம் குறைந்தும் வெடிக்கவில்லை.

நிறைகுடத்தில் ஒரு கை நீர் விட்டாலே வழியும். அரைக்குடத்தில் ஒரு செம்பு ஊற்றினாலும் வழியாது. மாக்மா அறை எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதே கேள்வி. வெள்ளம் அந்தக் கடைசிக் கை நீர் மட்டுமே. 2021இல் ஆரஞ்சு நிறம் காட்டியது தவறு என்று சிலர் எழுதினார்கள். எங்கள் பார்வையில் அது முழுக்கச் சரியான முடிவு. ஒரு மணி நேர அவகாசம் மட்டுமே தரும் எரிமலையில், வெடித்த பிறகு நிறம் மாற்றி யாருக்கும் பயனில்லை.

கேள்வி: பனியாறு விரிசல் விடும் அதிர்வையும் எரிமலை அதிர்வையும் எப்படிப் பிரிக்கிறார்கள்?

பதில்: பனி விரிசல்கள் மேற்பரப்பிலேயே நடப்பவை. அவை சிறியவை, பக்கத்து நிலையத்தில் பதிவாகும், தொலைநிலையங்களில் தெரியாது. பாறை உடையும் நிலநடுக்கத்தில் முதல் அலை, இரண்டாம் அலை இரண்டும் கூர்மையாகப் பிரிந்து தெரியும், ஆழத்தைக் கணக்கிடலாம்.

கடினமானது தொடர் நடுக்கம். வெள்ளம் பனிக்கு அடியில் ஓடும்போதும் இடைவிடாத நடுக்கம் வரும். அது மணிக்கணக்கில், நாள்கணக்கில் மெல்ல ஏறும். வெடிப்பின் நடுக்கம் சட்டென்று எகிறும். பல நிலையங்களில் ஒரே நேரத்தில் தெரியும். குழப்பம் வருவது மூன்றாவது வகையில். ஏரி வடிந்து அழுத்தம் குறைந்ததும், குழிக்குள் இருக்கும் சூடான நிலத்தடி நீர் திடீரென்று கொதிக்கத் தொடங்கும். அதன் நடுக்கம் சிறு வெடிப்பைப் போலவே இருக்கும். அப்போது நிலநடுக்கமானியை மட்டும் நம்பக்கூடாது. பாறை உள்வாங்குகிறதா என்று ஜி.பி.எஸ். சொல்ல வேண்டும். பெரும் புயலில் காற்றே நிலநடுக்கமானியின் பதிவுக் கோடுகள் எல்லாவற்றையும் தடிக்கச் செய்துவிடும். அந்த நேரம் சிறு அதிர்வுகள் தப்பிவிடுகின்றன.

கேள்வி: செயற்கைக்கோள் ரேடார் இருக்கும்போது மனிதர் போய்க் கருவி வைப்பது எதற்கு?

பதில்: ரேடார் ஒப்பீட்டுக்கு நிலம் அப்படியே இருக்க வேண்டும். பனி நகர்கிறது, உருகுகிறது, புதிதாக விழுகிறது. இரண்டு படங்களை ஒப்பிட்டால் கணக்கு கலைந்துவிடும். ஏரி எவ்வளவு எழுந்தது, தாழ்ந்தது என்பதை நாள்தோறும் அறிய பனிப்பலகையின் மேலேயே ஜி.பி.எஸ். நட்டாக வேண்டும். ஒரு குளிர்காலத்தில் அங்கே பல மீட்டர் பனி குவியும். இலையுதிர் காலத்தில் தலைக்கு மேல் நின்ற கம்பம் வசந்தத்தில் பனிக்குள் போய்விடும். நடுக்குளிர்காலத்தில் வெயில் சில மணி நேரமே. சூரியத் தகடு உதவாது. மின்கலத்தின் கொள்ளளவே கருவியின் ஆயுள்.

கேள்வி: வெள்ளம் வெளிவரும் ஆற்றில் என்ன அளக்கிறார்கள்?

பதில்: நீர்மட்டமும் மின்கடத்துதிறனும். எரிமலையோடு தொடர்புபட்ட நீரில் உப்புகள் அதிகம் கரைந்திருக்கும். மின்சாரம் எளிதில் கடக்கும். மழையால் ஆறு பெருகினால் மட்டம் ஏறும், கடத்துதிறன் குறையும். மட்டம், கடத்துதிறன் இரண்டும் சேர்ந்து ஏறினால் யோக்குல்லாப் என்று கொள்ளலாம். மணலாறு அடிக்கடி கிளை மாறுவதால் உணரி காய்ந்து கிடப்பதும், வண்டலில் புதைவதும் உண்டு. 2009இல் அந்த மணல்வெளியின் ஸ்கேதரா ஆறே தன் வழியை விட்டுக் கிக்யுக்விஸ்ல் பக்கம் போய்விட்டது. இப்போது அளவெல்லாம் அங்கேதான்.

கேள்வி: 2010இல் ஐரோப்பிய வானமே மூடியது. 2011இல் கிரீம்ஸ்வோட்ன் அதைவிடப் பெரிது என்கிறார்கள். ஏன் அவ்வளவு பாதிப்பில்லை?

பதில்: 2011இன் சாம்பல் தூண் 20 கிலோமீட்டர் உயரம் வரை போனது. பக்கத்து ஊரான கிர்க்யுபையார்க்லவுஸ்துரில் பகலே இருட்டானது. ஆனால் வேகம் முதல் இரண்டு நாளிலேயே தணிந்து, ஒரு வாரத்தில் முடிந்தது. 2010இன் எய்யாஃபியாட்லயோக்குல் வாரக்கணக்கில் மிக நுண்ணிய சாம்பலைக் கக்கியது. காற்றும் நேராக ஐரோப்பாவை நோக்கி வீசியது. கிரீம்ஸ்வோட்ன் சாம்பல் பருமனாக இருந்ததால் பெரும்பகுதி விரைவில் கீழே விழுந்தது. விதியும் இடையில் மாறியிருந்தது. முன்பு சாம்பல் இருந்தாலே பறக்கத் தடை. 2010க்குப் பிறகு காற்றில் எவ்வளவு செறிவு என்று பார்த்து முடிவெடுத்தார்கள்.

சாம்பல் என்றால் அடுப்புச் சாம்பலை நினைக்கவேண்டாம். விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தால் நறநறக்கும், அது கண்ணாடித்தூள். கற்குழம்பு பனிநீரைத் தொட்டதும் சிதறி உறைந்த துகள். ஜெட் இயந்திரத்தின் சூட்டில் மறுபடி உருகி உள்ளே அப்பிக்கொள்ளும்.

கேள்வி: 1783இல் வெடித்த லாக்கி வேறு எரிமலையா?

பதில்: வெளியே பார்த்தால் பனிக்கு அப்பால் உள்ள பிளவு வரிசை. அடியில் கிரீம்ஸ்வோட்னின் அதே எரிமலைத் தொகுதி. 1783 ஜூன் 8 முதல் 1784 பிப்ரவரி வரை எட்டு மாதம் ஓடியது. புல்லில் படிந்த ஃபுளோரினால் கால்நடை மடிந்தது. பஞ்சத்தில் ஐஸ்லாந்து மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்தனர்.

கேள்வி: சராசரியாக எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வெடிக்கும்?

பதில்: 1983, 1998, 2004, 2011. இடைவெளிகள் 15, 6, 7 ஆண்டுகள்; 2011க்குப் பிறகானது கடைசி இரண்டையும்விட நீளம். சராசரியை நம்பித் தேதி குறிக்காதீர்கள்.

கேள்வி: குடும்பத்தோடு ஐஸ்லாந்து வட்டச்சாலையில் காரில் போகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: ஸ்கேதரார்சாந்துர் மணல்வெளியைக் கடக்கும் நாளில் கிளம்புமுன் சாலைத்துறையின் 1777 எண்ணில் நிலவரம் கேளுங்கள். அவசரத்துக்கு 112. ஆபத்து நேரத்தில் அந்தப் பகுதியில் உள்ள கைபேசிகளுக்குக் குறுஞ்செய்தி வரும். கைபேசியை அணைத்து வைக்காதீர்கள். சாலை மூடியிருந்தால் தடுப்பைச் சுற்றிப் போகவேண்டாம்.

வழியில் சாம்பல் விழத் தொடங்கினால் உலர்ந்த கண்ணாடியில் துடைப்பானைப் போடாதீர்கள், கீறல் விழும். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். காற்றுக் குழாயை உட்சுழற்சிக்கு மாற்றி, எஃப்.எஃப்.பி.2 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

பனியாற்று முகப்பிலோ ஆற்றங்கரையிலோ அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு. காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். உடனே மேட்டுப் பக்கம், காற்று வரும் திசை நோக்கி நடங்கள். சற்று நேரத்தில் நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டதென்று திரும்பி இறங்காதீர்கள். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நடந்துகொண்டே இருங்கள்.