401கே லோன் போட்டு பழைய ராணுவ ரைஃபிள் வாங்கலாமா?

கேள்வி: ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ்ல ஐடி வேலை, வயசு 41, போன வருஷம்தான் சிட்டிசன் ஆனேன். ரெண்டாம் உலகப்போர் சரித்திரத்துல சின்ன வயசுலேர்ந்தே பைத்தியம். கூட வேலை பாக்குறவர் அவரோட தாத்தா வெச்சிருந்த மூணு ரைஃபிளைத் தர்றேங்கிறார்: தாத்தா போர்லேர்ந்து கொண்டு வந்த ஜெர்மன் கே98கே ஒண்ணு, அமெரிக்க ராணுவ ரைஃபிள்களான எம்1 கேரண்ட் ஒண்ணு, ஸ்பிரிங்ஃபீல்ட் 1903 ஒண்ணு. மொத்தம் 8,000 டாலர். வேலை பாக்குற கம்பெனி மூலமா ஓய்வுகாலத்துக்கு சேர்க்கிற 401கே கணக்குல லோன் எடுக்கலாம்னு இருக்கேன். மொசின் நாகான்ட்ங்கிற பழைய ரஷ்ய ரைஃபிள் ஒரு காலத்துல 100 டாலருக்கும் கீழ கிடைச்சுதாம், இப்ப பல மடங்கு. ஷேரை விட இது நல்ல முதலீடுதானே? மனைவி வேணாங்கிறாங்க.

பதில்: உங்க மனைவி சொல்றதுல பாதி சரிங்க. ரைஃபிள் வாங்குங்க, ஆனா 401கே பணத்துல வேணாம், மூணையும் சேர்த்தும் வேணாம்.

முதல்ல லோன் விஷயம். ஐடி வேலைல இருக்கீங்க, லேஆஃப் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. வேலை போச்சுன்னா லோன் பாக்கியை அடுத்த வருஷம் டாக்ஸ் ஃபைல் பண்ற தேதிக்குள்ள கட்டணும், இல்லன்னா அதை நீங்க வெளிய எடுத்த பணமா கணக்கு வெச்சு வருமான வரியும், 59½ வயசு ஆகலங்கிறதால மேல 10 பர்சென்ட் அபராதமும் போடுவாங்க. அந்த நேரத்துல ரைஃபிளை அவசரமா விக்க போனா வாங்குறவன் கேக்குற விலைதான். சரி ஐஆர்ஏ-ங்கிற சொந்த ஓய்வுகால சேமிப்புக் கணக்கு உள்ளேயே வாங்கி வெக்கலாமேன்னு சில பேர் கேக்குறாங்க, அதுவும் நடக்காது, கலெக்டிபிள், அதாவது சேகரிப்புப் பொருள் வாங்கினா அந்த தொகையை வித்ட்ராயலாதான் வரித்துறையான ஐஆர்எஸ் பாக்கும்.

இப்ப லாபக் கணக்கு. 2,500 டாலருக்கு வாங்கின ஒரு ரைஃபிள் பத்து வருஷத்துல 4,000-க்கு ஏலத்துல போகுதுன்னு வெச்சுக்குவோம். ஏல கம்பெனி விக்கிறவர்கிட்ட 15 பர்சென்ட் கமிஷன் எடுத்தா கைக்கு 3,400. லாபம் 900. ஒரு வருஷத்துக்கு மேல வெச்சிருந்த ஷேருக்கு நிறைய பேர் 15 பர்சென்ட்தான் கட்டுவாங்க, கலெக்டிபிளுக்கு அந்த சலுகை கிடையாது, 28 பர்சென்ட் வரைக்கும் போகும். நீங்க 24 பர்சென்ட் ஸ்லாப்னா 216 டாலர் வரி, மிச்சம் 684. வருஷத்துக்கு ரெண்டரை பர்சென்ட் கூட முழுசா தேறல, இதுல இன்சூரன்ஸ், சேஃப் செலவு எதையும் நான் கழிக்கவே இல்ல. நடுவுல டிவிடெண்டும் வராது.

மொசின் விலை ஏறினது உண்மைதான். ஆனா ஏன் ஏறிச்சுன்னு பாருங்க. சோவியத் கிடங்குகள்ல லட்சக்கணக்குல கிடந்த துப்பாக்கி, கிரீஸ் பூசி பெட்டி பெட்டியா வந்து எறங்கிச்சு, அந்த வரத்து நின்னதும் விலை ஏறிச்சு. அது ஒரு தடவை நடந்த விஷயம். அதே ஏத்தம் இன்னிக்கு முழு விலை குடுத்து வாங்குற கே98கே-க்கும் நடக்கும்னு நெனைக்கிறதுதான் தப்பு.

உங்களுக்கு வர்ற மூணையும் பத்தி தனித்தனியா சொல்லணும், ஏன்னா இந்த துறைல பணம் போறதே இங்கதான். கே98கே ஒரு கோடிக்கும் மேல தயாரான துப்பாக்கி, அபூர்வம் இல்ல, அதனால விலையை முடிவு பண்றது சீரியல் நம்பர்தான். ரிசீவர் (துப்பாக்கியோட நடு இரும்பு உடல்), போல்ட் (தோட்டாவை உள்ள தள்ளி பூட்டுற பகுதி), ஸ்டாக் (மரக்கட்டை), சின்ன சின்ன பார்ட்ஸ் எல்லாத்துலயும் தொழிற்சாலைல போட்ட ஒரே நம்பர் இருந்தா ஒரு விலை, கலந்திருந்தா அதுல பாதி கூட வராம போகலாம். ரிசீவர்ல எக்ஸ் மாதிரி ஒரு முத்திரையோ, போல்ட்ல எலக்ட்ரிக் பென்சிலால கீறின நம்பரோ, ஸ்டாக்ல பளபளன்னு அரக்கு பூச்சோ இருந்தா அது ரஷ்யாக்காரங்க போர்ல பிடிச்சு, கழட்டி சேர்த்து வெச்சிருந்து பின்னாடி இறக்குமதியான துப்பாக்கியா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அப்ப தாத்தா கொண்டு வந்தாருங்கிற கதை நிக்காது. நிஜமாவே அமெரிக்க சிப்பாய் கொண்டு வந்ததுன்னா சில சமயம் அதிகாரி கையெழுத்து போட்ட அனுமதி பேப்பர் இருக்கும், அது இருந்தா கூடுதல் விலை குடுக்கலாம். கதைக்கு மட்டும் காசு குடுக்காதீங்க, அவர் பொய் சொல்றார்னு நான் சொல்லல, வீட்ல சொன்னதை அவரும் நம்பியிருப்பார்.

ஸ்பிரிங்ஃபீல்ட் 1903-ல சீரியல் நம்பரை முதல்ல கேளுங்க. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி தொழிற்சாலைல செஞ்சதுல 8,00,000-க்கு கீழ, ராக் ஐலண்ட்ல செஞ்சதுல 2,85,507-க்கு கீழ இருந்தா அதை சுடக்கூடாதுன்னுதான் விவரம் தெரிஞ்சவங்க சொல்வாங்க. அந்த காலத்துல இரும்பு எவ்ளோ சூடாச்சுன்னு தொழிலாளிங்க நிறத்தை கண்ணால பாத்துதான் முடிவு பண்ணாங்க, சில ரிசீவர் அதிகமா சூடாகி நொறுங்குற தன்மைக்கு வந்துடுச்சு, முகத்துக்கு பக்கத்துல வெடிச்ச சம்பவங்களும் உண்டு. சுவத்துல மாட்ட வாங்கலாம், ரேஞ்சுக்கு எடுத்துட்டு போகாதீங்க. கேரண்ட் பெரும்பாலும் போருக்கு அப்புறம் ராணுவமே பார்ட்ஸ் மாத்தி கட்டினது, எல்லாம் ஒரிஜினல்னு யாராவது சொன்னா, விவரம் தெரிஞ்ச ஒருத்தரை வெச்சு கழட்டி பாக்காம நம்பாதீங்க.

எதை வாங்கினாலும் ஸ்டாக்கை தேய்ச்சு வார்னிஷ் அடிக்காதீங்க ப்ளீஸ். நல்லெண்ணத்துல பண்ணுவாங்க, மரத்துல இருக்கிற இன்ஸ்பெக்டர் முத்திரை ஒரு மதியத்துல போயிடும், விலையும் அதோட போயிடும், சரித்திரமும்தான். எனக்கு விலையை விட அதுதான் வலிக்குது.

வீட்டு இன்சூரன்ஸ் இருக்கேன்னு விட்றாதீங்க, நிறைய பாலிசில துப்பாக்கி திருட்டுக்கு 2,500 டாலர்தான் உச்சவரம்பு, தனியா எழுதி சேர்க்கணும். குழந்தைங்க இருந்தா சேஃப் முதல்ல, ரைஃபிள் அப்புறம். 50 வருஷத்துக்கு மேல பழசான துப்பாக்கி சேர்க்க, துப்பாக்கி விஷயங்களைப் பாக்குற ஃபெடரல் அமைப்பான ஏடிஎஃப் குடுக்குற கலெக்டர் லைசன்ஸ் இருக்கு, 3 வருஷத்துக்கு 30 டாலர், ஆனா அது சேர்க்கத்தான், லாபத்துக்காக வாங்கி வாங்கி விக்கிற வியாபாரம் அதுல பண்ணக்கூடாது. முதலீடுன்னு நீங்க கேட்டதாலதான் இதை அழுத்தி சொல்றேன். என்னிக்காவது ஊருக்கே திரும்புற எண்ணம் இருந்தா, கன்டெய்னர்ல சாமானோட போட்டு அனுப்ப முடியாது, இந்தியாவுல 1959 ஆயுதச் சட்டம் இருக்கு, அதனால இங்கயே வித்துட்டுதான் போக வேண்டி வரும். இதைப் படிக்கிற எச்1பி-ல இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: வேட்டை லைசன்ஸ் மாதிரி சில விதிவிலக்கு தவிர அந்த விசாவுல துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்கிறதே ஃபெடரல் குற்றம், நண்பர் வாங்குறாரேன்னு நீங்க இறங்காதீங்க.

நீங்க சிட்டிசன், ஒஹாயோவுலயே இருக்கீங்க, அதனால நல்ல வழி ஒண்ணு இருக்கு. சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம், சுருக்கமா சிஎம்பி, ராணுவம் திருப்பிக் குடுத்த கேரண்டை தரம் பிரிச்சு, சோதிச்சு விக்கிறாங்க, ஈரி ஏரிக்கரைல கேம்ப் பெர்ரில அவங்க கடையே இருக்கு. சிட்டிசன்ஷிப் ஆதாரமும் அவங்களோட இணைஞ்ச ஏதாவது ஒரு கிளப் மெம்பர்ஷிப்பும் கேப்பாங்க. 401கே-ல கம்பெனி மேட்ச், அதாவது நீங்க போடுறதுக்கு ஈடா கம்பெனி போடுற பணத்தை முழுசா வாங்கிட்டு, ஆறு மாச செலவுக்கு பணம் தனியா வெச்சுட்டு, அதுக்கு மேல மாசாமாசம் ஒரு சின்ன தொகை ஒதுக்குங்க. சேர்ந்ததும் மனைவியையும் கூட்டிட்டு போய் ஒரே ஒரு கேரண்ட் வாங்குங்க. கூட வேலை பாக்குறவர்கிட்ட கே98கே-வோட ரிசீவர், போல்ட் நம்பர் ஃபோட்டோ மட்டும் இப்ப கேட்டு வாங்குங்க, நம்பர் ஒத்துப்போனா அதை மட்டும் தனி விலைக்கு பேசலாம்.