விண்வெளிக் கேள்வி பதில்: செவ்வாய்க்குப் போன அமீரகம்

கேள்வி: கம்ப்யூட்டர் படித்த சாரா அல் அமீரி, அமீரகத்தின் செவ்வாய்த் திட்டத்துக்கு அறிவியல் தலைவரானது எப்படி?

பதில்: ஷார்ஜாவில் உள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது கணினிப் பொறியியல்தான். அந்த நாட்டில் அப்போது கோள் அறிவியலாளர்கள் என்று ஒரு கூட்டமே கிடையாது. துபாய்சாட் செயற்கைக்கோள்களில் வேலை பழகிய இளம் பொறியாளர்கள்தான் இருந்தார்கள். அவர்களில் அவரும் ஒருவர். அறிவியல் தலைவருக்கு முதல் வேலை கருவி செய்வதல்ல, கேள்வியைத் தேர்ந்தெடுப்பது. ஏற்கெனவே மற்ற நாடுகள் எடுத்த படத்தையே திரும்ப எடுக்க எதற்கு இவ்வளவு பணம்?

அவருடைய குழு தேர்ந்தெடுத்தது செவ்வாயின் வானிலையை. முந்தைய விண்கலங்கள் பலவும் துருவத்தை ஒட்டி, தாழ்வாகச் சுற்றியவை. செவ்வாயைச் சுற்றும் நாசாவின் எம்ஆர்ஓ கலம் ஓர் இடத்தைக் கடப்பது ஏறக்குறைய அங்கே பிற்பகல் 3 மணி அல்லது அதிகாலை 3 மணியாக இருக்கும்போதுதான். காலைப் பனிமேகம் மதியத்துக்குள் என்ன ஆகிறது என்பதை அதனால் தொடர்ந்து பார்க்க முடியாது. அதனால் அமீரகத்தின் செவ்வாய்க் கலமான 'ஹோப்'புக்கு 20,000 முதல் 43,000 கி.மீ. உயரத்தில், சுமார் 55 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றும் பாதை. அங்கிருந்து முழுக் கோளமும் தெரியும். சில நாட்களில் எல்லா வேளைகளும் பார்வைக்கு வந்துவிடும். கருவிகள் மூன்றே: ஒரு கேமரா, கீழ்வளிமண்டலத்துக்கு ஓர் அகச்சிவப்பு நிறமாலைமானி (ஒளியைப் பிரித்து ஆராயும் கருவி), மேலே தப்பியோடும் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பார்க்க ஒரு புற ஊதா நிறமாலைமானி.

கேள்வி: அமெரிக்காவில் செய்து வாங்கிய கலம்தானே?

பதில்: பாதி உண்மை. கலம் கோர்க்கப்பட்டது கொலராடோ பல்கலைக்கழகத்தில்தான். ஆனால் ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல், அமீரகப் பொறியாளர்கள் அங்கேயே போய் உடன் உட்கார்ந்து செய்தார்கள். தென்கொரியர்களிடம் துபாய்சாட் பழகியதும் இதே முறையில்தான். அதன் பலன், 2018-இல் ஏவப்பட்ட கலீஃபாசாட் செயற்கைக்கோள் துபாயிலேயே உருவானது.

கேள்வி: இதில் மிக ஆபத்தான கட்டம் எது?

பதில்: ஏவுதல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதிலும் பதற்றம் இருந்தது: செவ்வாய்க்கான வாய்ப்பு 26 மாதத்துக்கு ஒருமுறைதான். கொரோனா காலத்தில் தாமதமாகிவிடக் கூடாதென்று, கலத்தை ஏப்ரல் 2020-இலேயே ஜப்பானுக்கு அனுப்பினார்கள். ஒரு குழு முன்னரே போய்த் தனிமைப்படுத்தலை முடித்துக் காத்திருந்தது. ஜப்பானின் தனேகஷிமா ஏவுதளத்தில் மோசமான வானிலையால் தள்ளிப்போய், ஜப்பான் நேரப்படி ஜூலை 20-இல் எச்-2ஏ ராக்கெட் கிளம்பியது.

உண்மையான ஆபத்து, கலம் செவ்வாயை அடைந்து அதன் சுற்றுப்பாதையில் நுழைய வேண்டிய 2021 பிப்ரவரி 9. மணிக்கு 1,21,000 கி.மீ. வேகத்தை 18,000 ஆகக் குறைக்க ஆறு த்ரஸ்டர்கள் (சிறு ராக்கெட் எஞ்சின்கள்) 27 நிமிடம் எரிய வேண்டும். எரிபொருளில் ஏறத்தாழ பாதி அதற்கே போய்விடும். குறைவாக எரிந்தால் கலம் செவ்வாயைத் தாண்டி ஓடிவிடும். அதிகமாக எரிந்தால் கீழே விழும் அபாயம். சிக்னல் வந்துசேர 11 நிமிடம் ஆவதால், பூமியிலிருந்து திருத்தக் கட்டளை அனுப்பிப் பயனில்லை. கோளாறு வந்தால் கலமே கண்டுபிடித்துச் சமாளிக்கும்படி மென்பொருள் எழுதியாக வேண்டும். இங்கே கம்ப்யூட்டர் படிப்பு வீணாகவில்லை!

கேள்வி: சாரா அல் அமீரி இப்போதும் விண்வெளித் துறையில்தான் இருக்கிறாரா?

பதில்: 2017-இல் மேம்பட்ட அறிவியலுக்கான இணையமைச்சர், 2020 ஆகஸ்டில் அமீரக விண்வெளி முகமைத் தலைவர், 2024-இல் கல்வி அமைச்சராகிவிட்டார். அவர் தலைமைக் காலத்தில் அறிவித்த சிறுகோள் பட்டைப் பயணம் 2028-இல் கிளம்பும் திட்டம்: ஏழு சிறுகோள்கள், கடைசியாக ஜஸ்டிஷியா என்ற சிறுகோளில் ஒரு தரையிறங்கி.