முதல் ராப் ஆல்பத்துக்கு ஒரு லேபிள் அட்வான்ஸ் தருகிறேன் என்கிறது. கையெழுத்துப் போடலாமா?

கேள்வியில் சொல்லியிருப்பது இதுதான்: வயது 22, ஊர் தண்டையார்பேட்டை, ஏழு பாட்டு முடிந்து கையில் இருக்கிறது. ஒரு லேபிள், அதாவது பாட்டு வெளியிடும் கம்பெனி, இரண்டு லட்சம் அட்வான்ஸ் என்று சொல்லி 18 பக்க அக்ரிமெண்ட் அனுப்பியிருக்கிறது. திங்கட்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம்.

தம்பி, திங்கட்கிழமை போடாதீர்கள். அந்த 18 பக்கத்தில் முதலில் ஒரே ஒரு விஷயத்தைத் தேடுங்கள். இந்த ஆல்பத்தை எந்தத் தேதிக்குள் வெளியிடுவோம் என்று அவர்கள் எங்கேயாவது எழுதியிருக்கிறார்களா? என் அக்ரிமெண்டில் அது இல்லை. தொகை, சதவீதம், போஸ்டரில் என் பேர் எந்த அளவில் வரும் என்பது வரை இருந்தது. தேதி இல்லை. அதனால் என் முதல் ஆல்பம் இரண்டரை வருடம் அவர்களுடைய ஹார்ட் டிஸ்கில் கிடந்தது.

நான் கொருக்குப்பேட்டைக்காரன். பகலில் மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் டேலி எழுதும் வேலை. ரயில்வே கேட் பக்கத்தில் என் நண்பன் வீட்டு மொட்டை மாடியில் ஒரு அறை இருந்தது. சுவர் முழுக்க முட்டை அட்டை, ஜன்னலுக்குப் பழைய மெத்தை. மைக்கை ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டில் 11,000 ரூபாய்க்கு வாங்கினோம். பீட், மிக்ஸ் எல்லாம் அவன். எழுதிப் பாடுவது நான். மின்சார ரயில் நின்ற பிறகு, ராத்திரி ஒரு மணிக்கு மேல்தான் ரெக்கார்டிங். கூட்ஸ் வண்டிக்கு நேரம் காலம் கிடையாது, அது வந்தால் நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். மூன்றாவது பாட்டில் இரண்டாவது சரணம் சரியாக அமைந்த ஒரே டேக்கில் கூட்ஸின் ஹார்ன் விழுந்துவிட்டது. எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, "அது நம்ம ஏரியா ஹார்ன் மச்சான், இருக்கட்டும்" என்றான். இன்றும் இருக்கிறது. 2018-இல் ஆரம்பித்து 2020-க்குள் ஒன்பது பாட்டு முடித்தோம்.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நம் காப்பிரைட் சட்டப்படி, ஒரு ஒலிப்பதிவை உருவாக்க முன்கை எடுத்து அதற்கான பொறுப்பையும் ஏற்றவர்தான் தயாரிப்பாளர், அந்தப் பதிவின் உரிமை முதலில் அவருக்கே. அப்படிப் பார்த்தால் அந்த ஒன்பது மாஸ்டருக்கும், அதாவது பாட்டின் மூலப் பதிவுக்கும், நாங்கள் இரண்டு பேர் ஏற்கெனவே முதலாளிகள். லேபிள் வந்து எங்களை முதலாளி ஆக்கப்போவதில்லை. நாங்களோ கூலிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற நினைப்பில் போய் நின்றோம்.

2020 ஆகஸ்டில் கையெழுத்துப் போட்டேன். அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். அந்த வருடம் லாக்டவுனில் வீட்டில் சம்பளம் பாதியாகிவிட்டிருந்தது, ஒன்றரை லட்சம் என்பது எங்கள் வீட்டில் யாரும் ஒரே நேரத்தில் பார்த்திராத பணம். அதில் தங்கச்சியின் காலேஜ் பீஸ் கட்டினேன். அதற்காக இன்று வரை வருந்தவில்லை. ஆனால் அட்வான்ஸ் என்பது சம்பளம் இல்லை, கடன். உங்கள் பங்கிலிருந்து பிடித்துக்கொள்வார்கள்.

எப்படிப் பிடிப்பார்கள் என்று என் கணக்கையே காட்டுகிறேன். என் பங்கு 20 சதவீதம். அட்வான்ஸ் 1,50,000. அவர்கள் எடுத்த இரண்டு வீடியோவின் செலவு 2,20,000. விளம்பரம் என்று 80,000. மொத்தம் 4,50,000 என் தலையில். இது மொத்த வருமானத்திலிருந்து கழிவதில்லை, என்னுடைய 20 சதவீதத்திலிருந்து மட்டும் கழிகிறது. அப்படியென்றால் பாட்டு 22,50,000 ரூபாய் சம்பாதித்தால்தான் என் கடன் அடையும். அந்த நேரத்தில் அவர்கள் பங்கு 18 லட்சம். நாலரை லட்சம் போட்டவருக்கு அதுவும் திரும்பி வந்து, மேலே 18 லட்சம். எனக்கு அதற்கப்புறம்தான் முதல் ரூபாய். இந்தக் கணக்கைக் கையெழுத்துக்கு முன்னால் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே கேள்வி கேட்டிருப்பேன்.

2021 ஜனவரியில் ஒரு பாட்டு, ஜூனில் ஒரு பாட்டு வந்தது. மீதி ஏழு வரவில்லை. கேட்டால் "ஸ்லாட் இல்ல ப்ரோ". அடுத்து கேட்டால் "பெரிய படத்துப் பாட்டு ஒண்ணு வருது, அது போகட்டும்". அப்புறம் "பொங்கல் தாண்டட்டும்". அந்த நாட்களில் அசீலியா பேங்க்ஸ் கதையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நியூயார்க் ராப்பர், 2011-இல் ஒரே பாட்டில் உலகம் முழுக்கப் பேசப்பட்டவர். பெரிய லேபிளில் இருந்தும் முதல் ஆல்பம் தள்ளிக்கொண்டே போனது. 2014 ஜூலையில் லேபிளை விட்டு வெளியே வந்தார், அதே வருடம் நவம்பரில் முன்னறிவிப்பு இல்லாமல் ஆல்பம் வந்துவிட்டது. மூன்று வருடம் இழுத்த விஷயம் நாலு மாதத்தில் முடிந்தது. அவருக்கே அப்படி என்றால் கொருக்குப்பேட்டைக்காரனுக்கு யார் தேதி சொல்வார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அதிலும் எனக்குப் பெரிய வலி ஐந்தாவது பாட்டு. அதில் என் ஆயாவின் ஒப்பாரி இருக்கிறது, தாத்தாவுக்காக வைத்தது. நான் கேட்டபோது முதலில் திட்டினார்கள். "சாவு வுயாத வூட்ல ஒப்பாரி வெச்சா சாவு தேடிக்கினு வரும்டா." ஒரு மாதம் கழித்து அவர்களாகவே, வீட்டில் வேண்டாம், மாடி ரூமுக்கு வருகிறேன் என்றார்கள். நாற்காலி போட்டோம். உட்கார்ந்து பார்த்துவிட்டு வாய் வரவில்லை என்றார்கள். தரையில் உட்கார வைத்து, ஸ்டாண்டு அவ்வளவு கீழே இறங்காததால் மைக்கை ஒரு முக்காலிக் காலில் கட்டினோம். அப்பவும் வரவில்லை. கடைசியில், "யாருனா தோள் மேல கை போடுங்கடா, தனியா எப்டிரா அய்வாங்க?" என்றார்கள். அம்மாவைக் கூப்பிட்டு வந்தோம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டதும் ஆரம்பித்தார்கள், பதினொரு நிமிடம் நிறுத்தவே இல்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு நண்பன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். முடித்ததும் ஆயா வீட்டுக்குப் போய் வாசலில் கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார்கள்.

அந்தக் குரலும் நான் கையெழுத்துப் போட்ட ஒன்பதில் ஒன்று.

2022 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாள் மேடை. எங்கள் தெருவில் கேட்டுக்கொண்டதால் அந்த ஐந்தாவது பாட்டைப் பாடினேன். ஒரு பையன் போனில் எடுத்த வீடியோவை என் யூடியூப் சேனலில் போட்டேன். இரண்டே நாளில் லேபிளிடமிருந்து காப்பிரைட் ஸ்ட்ரைக். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடும். பாட்டை வெளியிட ஒரு வருடமாக நேரம் இல்லாதவர்களுக்கு, என் வீடியோவைத் தூக்க மட்டும் இரண்டு நாள் போதுமாக இருந்தது.

அப்போதுதான் புளியந்தோப்பில் ஒரு வக்கீல் அக்காவைப் போய்ப் பார்த்தேன். அக்ரிமெண்டை முழுக்கப் படித்துவிட்டு ஒரு வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டார்கள். காப்பிரைட் சட்டத்தில் 19(4) என்று ஒரு பிரிவு இருக்கிறது. உரிமையை எழுதி வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தவில்லை என்றால், அந்த உரிமை மாற்றம் காலாவதியாகிவிடும். நம்மைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்காகவே எழுதிய மாதிரி இருக்கும். ஆனால் அதன் கடைசியில் ஒரு வால்: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர. என் அக்ரிமெண்டில் வேறு மாதிரி சொல்லியிருந்தார்கள். 14-ஆம் பக்கத்தில், 19(4) இதற்குப் பொருந்தாது என்று ஒரே வரி. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் என் கையெழுத்து.

அதே மாதிரி இன்னொன்று. எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த ஊர் என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். என்னுடையதில் உலகம் முழுவதும், காப்பிரைட் இருக்கும் காலம் முழுவதும் என்று இருந்தது. ஒலிப்பதிவுக்கு அது வெளியானதிலிருந்து 60 வருடம். அக்கா என் வயதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் பக்கத்தைத் திருப்பினார்கள்.

அப்புறம் கேட்டார்கள்: "அஞ்சாவது பாட்டுல அய்வுறது யாரு?" ஆயா என்றேன். "அவங்க எதுலயாவது கையெழுத்துப் போட்டாங்களா?" இல்லை. யாரும் கேட்கவே இல்லை, எனக்கும் தோன்றவில்லை. பாடுகிறவருக்குத் தன் குரல் மீது தனியாக ஒரு உரிமை உண்டு. சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை, 38 மற்றும் 38ஏ. அதை நான் எழுதிக் கொடுக்க முடியாது, அவர்கள்தான் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து ஆயாவிடம் சொன்னேன். வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். "இன்னாடா சொல்ற? என் ஒப்பாரிய எவன்டா வாங்கனான், எனக்கே தெரியாம?" அடுத்த நாள் என்னோடு ஆட்டோவில் புளியந்தோப்புக்கு வந்து, வக்கீல் அக்கா கொடுத்த தாளில் கைநாட்டு வைத்தார்கள். விரலில் இருந்த நீல மையை வழியெல்லாம் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தார்கள்.

நோட்டீஸ் 2022 ஜூலையில் போனது. கோர்ட்டுக்குப் போகவில்லை, எட்டு மாதம் பேச்சுவார்த்தைதான். ஆயாவின் விஷயம் இல்லாமல் இருந்திருந்தால் லேபிள்காரர்கள் பேச்சுவார்த்தை மேசைக்கே வந்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். 2023 மார்ச்சில் முடிந்தது. வெளியாகாத ஏழு பாட்டும் திரும்பி வந்தன. பதிலுக்கு அட்வான்ஸில் 90,000 ரூபாயை நாங்கள் தவணையில் திருப்பிக் கட்டினோம். ஏற்கெனவே வந்த இரண்டு பாட்டும் அவர்களிடமே. ஐந்து வருடத்துக்கு அந்த இரண்டையும் மறுபடி ரெக்கார்ட் செய்யவும் கூடாது.

ஆகஸ்டில் ஏழு பாட்டையும் ஆன்லைன் தளங்களில் பாட்டை ஏற்றித்தரும் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் மூலம் நாங்களே போட்டோம். ஐந்தாவது பாட்டில் பாடியவர் என்ற இடத்தில் என் பேருக்கு முன்னால் ஆயா பேர். படிக்கத் தெரியாது என்பதால் எங்கே இருக்கிறது காட்டு என்றார்கள். காட்டினேன். விரலை அதன் மேல் வைத்ததும் வேறு பக்கம் திறந்துகொண்டது. போனை எட்டக் கொடுத்துவிட்டு, "ஓடிப்பூட்ச்சி, புடி" என்றார்கள்.

பெரிய ஆட்களுக்கும் இது நடக்கிறது. 2021 மார்ச்சில் வந்த எஞ்சாய் எஞ்சாமி உலகம் முழுக்கப் போனது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு காசு வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். எங்கள் சண்டை முடிந்து சரியாக ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த வீடியோவை நானும் நண்பனும் மாடியில் உட்கார்ந்து பார்த்தோம், ரொம்ப நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

சரி, உங்கள் 18 பக்கத்துக்கு வருவோம். லேபிளே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நல்ல லேபிள் உங்களால் போக முடியாத இடத்துக்குப் பாட்டைக் கொண்டுபோகும். ஆனால் கையெழுத்திட்ட நாளிலிருந்து இத்தனை மாதத்துக்குள் வெளியிடாத பாட்டின் மாஸ்டர் தானாக உங்களிடம் திரும்பும் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஒன்பது மாதம் நியாயமான காலம். 19(4) பொருந்தாது என்று இருந்தால் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால், வெளியிடாமல் வைத்திருக்கும் வசதி அவர்களுக்கு எதற்கு என்று நேராகக் கேளுங்கள். ஸ்டெம், அதாவது குரல், பீட் என்று தனித்தனியாக இருக்கும் பதிவுகள், எல்லாவற்றுக்கும் ஒரு காப்பி உங்களிடம் இருக்கட்டும். பீட் போட்டவர், கோரஸ் பாடியவர், தெருவில் சட்டி அடித்த பையன் வரை எல்லோரிடமும் இன்றே எழுதி வாங்கி, அவர்கள் பங்கையும் அதிலேயே எழுதுங்கள்.

வரிகள் உங்களுடையது என்றால், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் அமைப்பான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகுங்கள், லேபிளுக்காகக் காத்திருக்க வேண்டாம். 2012 திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியர், இசையமைப்பாளர் ராயல்டியை எழுதி வாங்கிவிட முடியாது, வாங்கினாலும் செல்லாது. அதற்கும் அட்வான்ஸ் கடனுக்கும் சம்பந்தம் இல்லை. ராப் எழுதி என் கைக்கு வந்த முதல் ராயல்டி அங்கிருந்துதான், 1,840 ரூபாய்.

அந்த இரண்டு பாட்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை லேபிளின் கணக்கு மெயிலில் வருகிறது. போன முறை வந்ததில், நான் இன்னும் அடைக்க வேண்டிய பாக்கி 2,94,600 ரூபாய் என்று இருந்தது. அதில் ஒரு பாட்டு நேற்று சாயங்காலம்கூட கேட்டில் நின்ற ஒரு ஷேர் ஆட்டோவில் ஓடிக்கொண்டிருந்தது.